வெட்டும் மெஷின் வாங்கலாமா?

நிலக்கோட்டை என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது பூ மார்க்கெட்தான். முகூர்த்த நாள் நெருங்கினால் மல்லிகை விலை எகிறும், முகூர்த்தம் முடிந்தால் இறங்கிவிடும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று விசேஷங்களை நம்பியே பல குடும்பங்கள் இங்கே பிழைக்கின்றன. பூ கட்டுகிறவர், மாலை கட்டுகிறவர், பந்தல்காரர், சமையல்காரர், மேடை அலங்காரம் செய்கிறவர் என்று வரிசை நீளம். அந்த வரிசையில் சமீப வருடங்களில் ஒரு புது ஆள் சேரப் பார்க்கிறார். அவர் மனிதர் இல்லை, மேஜை மேல் வைக்கும் ஒரு சின்ன மெஷின்.

கிரிகட், சில்லவெட் கேமியோ, பிரதர் ஸ்கேன்என்கட் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. பார்க்க வீட்டு பிரிண்டர் மாதிரியே இருக்கும். ஆனால் இங்க் போடும் இடத்தில் ஒரு சின்ன கத்தி. கம்ப்யூட்டரிலோ போனிலோ படம் வரைந்து கொடுத்தால், அந்தக் கோடு வழியாகவே பேப்பரையும் ஸ்டிக்கரையும் வெட்டித் தரும். யூடியூபில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் பெட்டி, பூ, பட்டாம்பூச்சி, கேக் மேல் செருகும் பெயர், டி-ஷர்ட் எழுத்து எல்லாம் வந்து விழும். பார்க்கிறவர்களுக்குக் கை பரபரக்கும். "இதை வாங்கிப் போட்டால் வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாமே!" என்று தோன்றும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பொழுதுபோக்குக்கு வாங்குகிறவர்களுக்கு இது ஒரு விளையாட்டுச் சாமான். ஆனால் நிலக்கோட்டை மாதிரி ஊரில் பலபேர் இதை நகையை அடகு வைத்து வாங்க யோசிப்பார்கள். அப்போது இந்த மெஷின் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது பொது அறிவு இல்லை, வீட்டுக் கணக்கு.

கணக்குக்காக ஒரு அக்காவை வைத்துக்கொள்வோம். டிகிரி படித்தவர், கல்யாணமாகி ஒரு குழந்தை. கை வேலை நன்றாக வரும். ஆரத்தித் தட்டு, தாம்பூலப் பை, ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாம் செய்து கொடுத்து நாலு காசு பார்க்கிறார். 35,000 ரூபாய் போட்டு ஒரு மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்பது அவர் கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒட்டும் பசை தடவிய ஒரு பிளாஸ்டிக் பாய் இருக்கும். பெரும்பாலும் 12 அங்குலத்துக்கு 12 அங்குலம். அதன் மேல் பேப்பரை ஒட்டி மெஷினில் செருக வேண்டும். உருளைகள் பாயை முன்னும் பின்னும் இழுக்கும், கத்தி இடமும் வலமும் ஓடும். இந்த இரண்டு அசைவும் சேர்ந்தால் வட்டம், வளைவு, எழுத்து எல்லாம் வந்துவிடும். சாதாரணக் கத்தியை மெஷின் திருப்புவதில்லை. அது தள்ளுவண்டியின் முன்சக்கரம் மாதிரி, இழுத்த பக்கம் தானே திரும்பிக்கொள்ளும். கூர்மையான மூலைகளில் சில சமயம் பேப்பர் பிய்ந்து வருவதற்கு ஒரு காரணம் இதுதான். முனை மழுங்கிய கத்தியாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது அழுத்தம். கிரிகட் எக்ஸ்ப்ளோர் வகை சுமார் 400 கிராம் அழுத்தத்தில் வெட்டும். 2017ல் வந்த மேக்கர் சுமார் 4 கிலோ வரை அழுத்தும். கேமியோ 3 அழுத்துவது 210 கிராம்தான், அதற்கு அடுத்து வந்த கேமியோ 4 சுமார் 5 கிலோ. விளம்பரத்தில் "நூற்றுக்கணக்கான பொருட்களை வெட்டும்" என்று போட்டிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் எந்த மாடல், எந்தக் கத்தி என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பட்டியல். பெட்டியோடு வரும் சாதாரணக் கத்தி பேப்பருக்கும் ஸ்டிக்கருக்கும் ஆனது. துணிக்கு உருளும் கத்தி, அட்டைக்கும் மெல்லிய மரத்துக்கும் தடித்த கத்தி என்று ஒவ்வொன்றும் தனிச் செலவு.

சரி, நன்றாகச் செய்வது என்ன? முதலில் ஸ்டிக்கர். வினைல் ஸ்டிக்கரின் மேல் தோலை மட்டும் வெட்டி அடியில் இருக்கும் தாளைத் தொடாமல் விடும். மனிதக் கையால் இதை நூறு தடவை ஒரே மாதிரி செய்ய முடியாது. இரண்டாவது, கெட்டித் தாளில் நுணுக்கமான வேலை. ஜன்னல் மாதிரி ஓட்டை போட்ட வாழ்த்து அட்டை, மடித்தால் பெட்டியாகும் அட்டை, பேப்பர் பூ. மூன்றாவது, துணியில் சூடு வைத்து ஒட்டும் வினைல். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும், மறந்தால் டி-ஷர்ட்டில் பெயர் தலைகீழாக இல்லை, இடவலமாக மாறி நிற்கும்! நான்காவது, ஸ்டென்சில். பிளாஸ்டிக் தாளில் டிசைனை வெட்டி எடுத்து, அதன் மேல் பெயிண்ட் தட்டலாம். பானையில், மரப்பலகையில், துணியில் ஒரே டிசைனைத் திரும்பத் திரும்பப் போடலாம்.

பக்கத்து சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்குப் பெயர் போன ஊர். ஸ்டென்சில் வெட்டிப் புள்ளி புள்ளியாகப் பெயிண்ட் தட்டினால் சுங்குடி மாதிரியே ஒரு துணி வந்துவிடும். ஆனால் "மாதிரி"தான். பழைய முறைச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியை நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்து எடுத்தது. மெஷினுக்கு உருவம் தெரியும், முடிச்சு தெரியாது.

இப்போது செய்யாததைப் பார்ப்போம். முதலில் ஒரு பெரிய தப்பபிப்பிராயம்: இது பிரிண்ட் செய்யாது. கலர் படத்தை ஓரம் வெட்டித் தரவேண்டும் என்றால் வீட்டில் தனியாக ஒரு கலர் பிரிண்டர் வேண்டும். பிரிண்டரில் படத்தோடு சில அடையாளக் குறிகளும் விழும். மெஷின் அந்தக் குறிகளைப் படித்துவிட்டு வெட்டும். குறிகளுக்கு இடம் போவதால் முழுத் தாளும் கிடைக்காது. பளபளப்பான தாளில் வெளிச்சம் பட்டால் குறியைப் படிக்காமல் முரண்டு பிடிக்கும்.

கல்யாண மேடையில் மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் ஒரு அடி உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்களே, அது இதில் முடியாது. மெஷினின் வாயில் நுழைவதே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம்தான். தெர்மாகோலுக்குச் சூடான கம்பிதான் சரி, அதை விசேஷ வேலைக்காரர்கள் கையாலேயே அழகாகச் செய்கிறார்கள். அக்ரிலிக் பெயர்ப்பலகையும் முடியாது, அதற்கு லேசர் மெஷின் வேண்டும். மேக்கரில் தடித்த கத்தி போட்டால் 2.4 மில்லிமீட்டர் பால்சா மரம் வரை வெட்டலாம். ஆனால் ஒரே கோட்டில் பல தடவை போய்ப் போய் வரும், ஒரு சின்னத் துண்டுக்கே வெகுநேரம் ஆகும். இரும்பு, பித்தளைத் தகடு பக்கம் போகவே வேண்டாம். 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுப் பட்டறையில் இந்த மெஷினுக்கு ஒரு வேலையும் இல்லை, பெட்டி மேல் ஒட்டும் ஸ்டிக்கரை வெட்டலாம், அவ்வளவுதான்.

"அப்படியானால் லேசரே வாங்கிவிடலாமே" என்று கேட்கலாம். அவசரப்படக் கூடாது. ஸ்டிக்கர் வினைல் பெரும்பாலும் பி.வி.சி. அதை லேசரில் சுட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். நுரையீரலுக்கும் கெடுதல், மெஷினும் துருப்பிடித்துப் போகும். ஸ்டிக்கருக்குக் கத்திதான், அக்ரிலிக்குக்கு லேசர்தான். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. அது தமிழ் எழுத்து!

ஆங்கிலத்தில் கேக் மேல் செருகும் பெயரைச் சேர்த்தெழுதும் எழுத்தில் போட்டால் எல்லா எழுத்தும் கைகோத்துக்கொண்டு ஒரே துண்டாக வரும். தமிழில் "வாழ்த்துகள்" என்று போட்டுப் பாருங்கள். வ ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, ழ ஒன்று, அதன் புள்ளி ஒன்று, த ஒன்று, அதற்கும் புள்ளி ஒன்று, து ஒன்று, க ஒன்று, ள ஒன்று, கடைசிப் புள்ளி ஒன்று. மொத்தம் 10 துண்டுகள் பாயின் மேல் சிதறிக் கிடக்கும். புள்ளி ஆகாயத்தில் நிற்காது. எல்லாவற்றையும் ஒரு பட்டையின் மேல் உட்கார வைத்து, புள்ளிகளுக்குச் சின்னதாகப் பாலம் போட்டு இணைக்க வேண்டும். இதை மெஷின் செய்யாது. எழுத்து அழகு கெடாமல் எங்கே பாலம் போடுவது என்று கண்ணும் கையும் உள்ள ஆள் முடிவு செய்யவேண்டும்.

ஸ்டென்சிலில் இதற்கு நேர் எதிரான தொல்லை. க, ம, வ, ண மாதிரி எழுத்துகளில் உள்ளே மூடிய வயிறு இருக்கிறது. ஓரத்தை வெட்டியதும் அந்த வயிறு தனியாகக் கழன்று விழுந்துவிடும். அங்கேயும் பாலம் வேண்டும். ஸ்டிக்கரில் பாலம் வேண்டாம், ஆனால் வேண்டாத பகுதியை ஊசி மாதிரிக் கொக்கியால் உரித்தெடுக்கும்போது மெய்யெழுத்துப் புள்ளியும் சேர்ந்து வந்துவிடும். எழுத்து சின்னதாகச் சின்னதாக இது அதிகமாகும். "முருகன்" என்ற பெயர் புள்ளி போய் "முருகன" என்று பைக்கில் நின்றால் யார் காசு கொடுப்பார்கள்?

இன்னொன்று, சில டிசைன் சாஃப்ட்வேர்களில் தமிழ் யூனிகோடு ஒழுங்காக வராது. "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தாறுமாறாகப் போகும். இதற்கு வழி இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தமிழை அடித்து, எழுத்தைக் கோட்டு உருவமாக மாற்றி, ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும் கோடுகளை ஒன்றாக்கி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமிக்க வேண்டும். கிரிகட்டின் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். சில்லவெட்டின் இலவசப் பதிப்பு எஸ்.வி.ஜி.யைத் திறக்காது, டி.எக்ஸ்.எஃப். ஆக மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் காசு கட்டிய பதிப்பு வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளச் சில நாட்கள் ஆகலாம். ஆனால் இது தெரிந்த ஆளுக்கும் தெரியாத ஆளுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் ஊரில் வியாபாரம். இங்கிலீஷ் பெயரை யாரும் வெட்டுவார்கள். தமிழில் திருத்தமாக வெட்டுகிறவரைத்தான் தேடி வருவார்கள்.

இப்போது அக்காவின் கணக்குக்கு வருவோம். ஒரு வளைகாப்புக்கு 300 டேக் வேண்டும், ஒவ்வொன்றும் 2 அங்குலத்துக்கு 3 அங்குலம். ஏ4 தாளில் 12 டேக் அடங்கும். 25 தாள் ஆகிறது. தாளைப் பாயில் ஒட்ட, உள்ளே விட, வெட்ட, வெளியே எடுக்க, கிழியாமல் உரிக்க, ஒரு தாளுக்கு 5 நிமிடம் என்று வைத்தால் 125 நிமிடம். அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டனைத் தட்டிவிட்டுக் குழம்பு வைக்கப் போக முடியாது. ஓட்டை போடுவது, நூல் கோப்பது தனி. நடுவில் கரண்ட் போனால் அந்தத் தாள் அநேகமாகக் குப்பைக்குத்தான். வெயில் காலத்துத் தூசி பாயில் ஒட்டினால் பசை போய்விடும், பாயும் அடிக்கடி வாங்கவேண்டிய சாமான்தான்.

ஒரு டேக்குக்கு எல்லாச் செலவும் போக 3 ரூபாய் நிற்கிறது என்றால் 300 டேக்குக்கு 900 ரூபாய். 35,000 ரூபாயை எடுக்க சுமார் 39 ஆர்டர் வேண்டும். நகைக்கடன் வட்டி மாதம் ஒரு சதவீதம் என்றாலும் 350 ரூபாய், ஆர்டர் வராத மாதமும் கட்டியாக வேண்டும். மார்கழியில் விசேஷம் கிடையாது, ஆடியில் கல்யாணம் கிடையாது. வட்டிக்கு மார்கழியும் ஆடியும் தெரியாது.

சரி, 300 இல்லாமல் 3,000 டேக் ஆர்டர் வந்தால் லாபம்தானே? இல்லை! அங்கே சிவகாசி நிற்கிறது. அச்சகத்தில் அந்த வடிவத்துக்கு ஒரு டை செய்துவிட்டால் ஒரே அடியில் தாள் வெட்டுப்பட்டு வரும். டை செய்ய ஒருமுறை செலவு, அதன் பிறகு ஆயிரம் ஆயிரமாக அடிக்கலாம். அந்த வேகத்துக்கும் விலைக்கும் மேஜை மெஷின் பக்கத்தில் வர முடியாது. ஆக, இந்த மெஷின் ஜெயிக்கிற இடம் நடுவில் ஒரு சின்ன இடம்தான். ஒன்றிலிருந்து நூறு இருநூறு வரை, ஒவ்வொன்றிலும் பெயர் வேறு, அவசரம் வேறு. டை செய்தால் கட்டுப்படியாகாது, கையால் வெட்டினால் விடிந்துவிடும் என்கிற வேலை. நூறு பேருக்கு நூறு பெயர் போட்ட பெட்டி வேண்டும் என்று ஒருவர் வந்தால், அதுதான் இந்த மெஷினுக்கான ஆர்டர்.

எதிர்ப்பக்கம் இன்னொருவர் இருக்கிறார், ஸ்டிக்கர் கடை அண்ணன். பைக்கில் "அம்மா அப்பா ஆசி", ஆட்டோவில் பிள்ளைகள் பெயர், கடைக் கண்ணாடியில் போன் நம்பர், இதெல்லாம் அவர் கை. அவரிடம் இருப்பதும் இதே தத்துவத்தில் ஓடும் பிளாட்டர்தான், ஆனால் இரண்டடி அகல ரோலை அப்படியே விழுங்கும். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானது. அதோடு நம்பர் ஒட்டும் வேலையில் ஒரு பங்கு அவர் மாதிரி ஆட்களை விட்டுப் போனது. இப்போது வீட்டுக்கு வீடு சின்ன மெஷின் வந்தால் மீதியும் போகுமா என்று அவர் யோசிப்பதில் தப்பில்லை. ஆனால் 12 அங்குல மெஷினால் அவருடைய பெரிய வேலையைத் தொட முடியாது. அவருக்கு ஒரு வளைகாப்பு டேக்குக்காக உட்காரப் பொறுமையோ நேரமோ இருக்காது. இரண்டு பேரும் சண்டை போடவேண்டிய அவசியமே இல்லை.

சொல்லப்போனால் அக்கா முதலில் போகவேண்டியது அவரிடம்தான். "அண்ணே, டிசைன் நான் போட்டு பென்டிரைவில் கொண்டு வர்றேன், வெட்டி மட்டும் குடுப்பீங்களா?" "குடும்மா, வேலை இல்லாத நேரமா பாத்து வா, போட்டுத் தரேன்." இப்படி ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். டிசைன் பழகும், வாடிக்கை சேரும், எது விற்கும் எது விற்காது என்று தெரியும். வட்டி கிடையாது. ஆறு மாதத்தில் அண்ணன் கடைக்கு நடந்து நடந்து கால் வலிக்கிற அளவுக்கு ஆர்டர் வந்தால், அன்றைக்கு மெஷின் வாங்கலாம். வரவில்லையா? நகை பத்திரமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. காசு கொடுத்து வாங்கினாலும் மெஷின் முழுக்க நம்முடையதா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. 2000களின் கிரிகட்டில் படங்களும் எழுத்துகளும் தனிக் கார்ட்ரிட்ஜில் வந்தன, காசு கொடுத்து ஒவ்வொன்றாக வாங்கவேண்டும். வேறு கம்பெனிகளின் மென்பொருள்கள் நேரடியாக அந்த மெஷினை ஓட்ட வழி செய்தபோது தாய்க் கம்பெனி வழக்குப் போட்டு அதை நிறுத்தியது. 2018 ஜூலையில் கிராஃப்ட் ரூம் என்ற பழைய மென்பொருளை மூடியது, அதை நம்பியிருந்த பழைய மெஷின்காரர்கள் தவித்தார்கள். 2021 மார்ச்சில், இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள் மாதம் 20 டிசைன்தான் ஏற்றலாம், மேலே போனால் சந்தா கட்டு என்று அறிவித்தது. உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே வாபஸ் வாங்கிக்கொண்டது. வாபஸ் வாங்கியது நல்லதுதான். ஆனால் நம் மேஜை மேல் இருக்கும் மெஷினுக்கு எங்கோ உட்கார்ந்து கட்டளை போட முடியும் என்பதும் அன்றைக்குத் தெரிந்துபோனது. அரிவாள்மனையை வாங்கினால் அதைச் செய்தவன் வந்து "இன்றைக்கு 20 காய்தான் நறுக்கலாம்" என்று சொல்ல முடியாது. இந்தக் கத்தி அப்படி இல்லை. வாங்கும் முன் மென்பொருள் இணையம் இல்லாமல் ஓடுமா, வேறு மென்பொருளில் ஓட்ட முடியுமா, கத்தியும் பாயும் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பணத்தை எடுக்க வேண்டும்.

மெஷின் ஒரு கோட்டைப் பிசகாமல் வெட்டும். அந்தக் கோடு எங்கே போகவேண்டும், எந்தப் புள்ளிக்கு எங்கே பாலம், யாருக்கு என்ன பிடிக்கும், எவ்வளவு விலை சொன்னால் வாங்குவார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த வேலையெல்லாம் ஏற்கெனவே தெரிந்த கைக்கு மெஷின் இன்னொரு கை. தெரியாத கைக்கு அது மேஜை மேல் துணி போர்த்தி வைத்த 35,000 ரூபாய். அக்கா முதலில் பென்டிரைவோடு கிளம்பட்டும்.